நந்தனத்து ஆபீஸும் மாற்ற முடியாத வால்பேப்பரும்

இந்த வாரம் வேற ஒரு தலைப்பில் எபிசோடு ரெடியா இருந்தது. நடுவில் ஒரு போன் கால் வந்து எல்லாத்தையும் மாத்திடுச்சு.

மயிலாப்பூரில், மாட வீதிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன அறக்கட்டளை இருக்கிறது. பெயர் வேண்டாம். மாடியில் ரெண்டு ரூம், ஏழு கம்ப்யூட்டர். வசதியில்லாத பசங்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதுதான் அவங்க வேலை. செயலாளர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இவங்ககிட்ட இருக்கும் ஏழில் ஆறு கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 அதில் கிடையாது. கடைக்காரர், "ஆறையும் மாத்திடுங்க சார், கூடவே ஆபீஸுக்கு வருஷச் சந்தா போட்டுக்கலாம்" என்று கொட்டேஷன் கொடுத்துட்டார். செயலாளர் அதைத் தன் பாணியில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "தம்பி, இந்தத் தொகையும் ஒன்பது பசங்களோட ஒரு வருஷ ஃபீஸும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஃப்ரீயா ஏதோ இருக்காமே, அது எங்களுக்குச் சரிப்படுமா, படாதா? ரெண்டு பக்கத்துல எழுதிக் கொடுங்க. கமிட்டி முன்னாடி வைக்கணும்."

நான் அஞ்சு நிமிஷத்தில் எழுதிட்டேன். லினக்ஸ் போடுங்க, லிப்ரே ஆபீஸ் போடுங்க, லைசென்ஸ் செலவு பூஜ்யம், நன்றி. எஞ்சினியரிங் படித்த எவனும் அப்படித்தான் எழுதுவான். அனுப்பப் போகும்போதுதான் ஒண்ணு உறைத்தது. இதே கேள்வியை, இதைவிடப் பல மடங்கு பெரிய அளவில், இங்கிருந்து பஸ்ஸில் சில நிறுத்தம் தள்ளி இருக்கும் ஒரு ஆபீஸ் இருபது வருஷம் முன்னாடியே கேட்டு, பதிலும் சொல்லியிருக்கு. அந்தப் பதிலுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்பதைத் தெரிஞ்சுக்காம நான் எப்படி எழுத முடியும்?

தி.நகர் பக்கமிருந்து அண்ணா சாலைக்கு வந்து நந்தனம் சிக்னலைத் தாண்டும்போது கவனிக்காமலே கடந்துபோகும் இடம்தான் எல்காட். தமிழ்நாடு மின்னணு நிறுவனம். 1977-ல் தொடங்கிய அரசு நிறுவனம். இந்தக் கதைக்கு முக்கியமான விஷயம், அது அரசுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கும் நிறுவனம். பள்ளிக்கூடமோ வேறு துறையோ, டெண்டர் இவங்க வழியா போகும். டெண்டரில் இவங்க ஒரு வரி எழுதினா, அது தமிழ்நாட்டின் எத்தனையோ மேஜைகளில் போய் உட்காரும்.

2006-ல் அங்கே நிர்வாக இயக்குநராக வந்தவர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதற்கு முன் திருவாரூரில் கலெக்டராக இருந்தபோதே அரசு அலுவலக வேலைகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து பேர் வாங்கியவர். எல்காட்டில் அவர் செய்தது எளிமையான காரியம்தான், ஆனா பலர் செய்யாதது. ஊருக்குச் சொல்வதற்கு முன், முதலில் தன் ஆபீஸை மாற்றினார். எல்காட்டின் சொந்தக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக சூஸே லினக்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதிலாக ஓப்பன் ஆபீஸ். கடிதம் டைப் பண்ணுபவர், கணக்கு பார்ப்பவர், டெண்டர் போடுபவர், எல்லாரும் அதில்தான் வேலை பார்க்கணும். அதன்பிறகு பள்ளிகளுக்கும் போகிறது திட்டம். 30,000 கம்ப்யூட்டர்கள், 1,880 செர்வர்கள் என்று அப்போது செய்திகளில் வந்தது. உலகம் முழுக்க லினக்ஸ் பத்திரிகைகள் தமிழ்நாட்டைப் பற்றி எழுதின காலம் அது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லணும். எங்களை மாதிரி ஆளுங்க இந்தக் கதையைச் சொல்லும்போது "இலவச மென்பொருளுக்கு மாறினாங்க" என்று முடிச்சிடுவோம். சூஸே இலவசத்துக்கு நடக்கும் தர்மசத்திரம் இல்லை. அப்போது அது நோவெல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வியாபாரம். மூல நிரல் திறந்திருக்கும். அதைப் பராமரித்து, அப்டேட் கொடுத்து, கோளாறு வந்தால் பார்த்துக்கொள்வதற்குக் காசு. அதே 2006 நவம்பரில் நோவெலும் மைக்ரோசாஃப்டும் ஒரு ஒப்பந்தமும் போட்டுக்கிட்டாங்க. "நல்லவன், கெட்டவன்" என்று ரெண்டு பக்கமா நிக்கிற கதை இல்லை இது.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கிலீஷில் விலையில்லாததுக்கும் சுதந்திரமானதுக்கும் ஒரே வார்த்தை. அதை விளக்கியே அவங்களுக்குப் பாதி நாள் போயிடுது. நம்மிடம் 'இலவசம்' தனி, 'கட்டற்ற' தனி. கட்டற்ற மென்பொருள் என்றால், உள்ளே என்ன இருக்கு என்று பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கொடுத்தும் வாங்கலாம். காசே வாங்காமல் கொடுத்துவிட்டு, உள்ளே பார்க்கவிடாத மென்பொருளும் உண்டு.

நம்ம மாநிலத்தில் இந்த ரெண்டும் ஒரே பெட்டிக்குள் வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று தொடங்கியது விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசாணையிலும் மேடையிலும் 'இலவச' கிடையாது, 'விலையில்லா'. முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். வாங்கியது யார்? அதே நந்தனத்து எல்காட். உமாசங்கர் 2008-லேயே அங்கிருந்து மாற்றப்பட்டுவிட்டார். இப்போது லேப்டாப்புக்குள் ரெண்டு இயங்குதளம். ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்டர், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ்.

பாஸ் நம்ம ஊர்ச் சரக்கு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையில், தரமணி டைடல் பார்க்கில் உட்கார்ந்து செய்தது. 2007-ல் முதல் பதிப்பு. டெபியன் லினக்ஸை எடுத்து, இந்திய மொழிகளைச் சேர்த்து, இந்திய அரசு அலுவலகங்களுக்காகத் தயாரித்தது.

எங்க அக்கா அந்த வருஷம் ப்ளஸ் டூ. லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்னிக்கு மாம்பலத்தில் எங்க வீட்டில் பக்கத்து வீட்டுக் கூட்டமே இருந்தது. மூடிமேல் முதலமைச்சர் படம். நான் ஒன்பதாவது. எனக்கு ஒரே ஒரு ஆசை, வால்பேப்பரை மாத்தி விஜய் படம் வைக்கணும். ரைட் கிளிக் பண்றேன், மெனுவில் அந்த ஆப்ஷனே இல்லை. ஸ்டார்டர் எடிஷனில் வால்பேப்பரை மாற்ற முடியாது. அது பழுது இல்லை, கம்பெனி அப்படித்தான் வடிவமைத்திருந்தது. வேணும்னா காசு கட்டி மேல் எடிஷன் வாங்கணும். அது எனக்கு அப்போ தெரியாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது கறுப்புத் திரையில் ரெண்டு பேர் வருமே, அதில் இன்னொண்ணை அழுத்தினேன். பாஸ். அங்கே வால்பேப்பர் மாறியது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை அவ்வளவுதான். கொள்கை எல்லாம் அப்புறம் வந்தது.

ஆனா அக்கா? அக்கா ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. இத்தனைக்கும் அவளுடைய ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம் ஸ்டார் ஆபீஸ் பற்றியது. ரைட்டர், கால்க், இம்ப்ரஸ் என்று அத்தியாயம் அத்தியாயமாக. நானும் பின்னால் அதே புத்தகம்தான் படித்தேன். ஸ்டார் ஆபீஸும் ஓப்பன் ஆபீஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒண்ணு சன் கம்பெனி விலைக்கு விற்றது, இன்னொண்ணு அதன் மூல நிரலைத் திறந்து விட்டது. அதாவது பாடப் புத்தகத்தில் இருந்த மெனுவுக்குக் கிட்டத்தட்ட அதே மெனு, அவள் லேப்டாப்பில் பாஸ் பக்கத்தில் சும்மா இருந்தது. யாரும் சொல்லவில்லை. பள்ளியில் "மேல இருக்கிறதை விடுங்க, கீழ விண்டோஸை எடுங்க" என்று சொல்லி அனுப்பினாங்க. லீவில் தி.நகரில் ஒரு சென்டரில் பணம் கட்டி எம்.எஸ். ஆபீஸ் கோர்ஸ் போனாள். வேலைக்கு அப்ளை பண்ணும்போது அதைத்தான் கேட்டாங்க. அவள் முடிவில் தப்பு சொல்ல எனக்கு இப்பவும் மனசு வரலை.

பக்கத்து மாநிலத்தில் இதே காலத்தில் வேற மாதிரி நடந்தது. கேரளாவின் ஐடி அட் ஸ்கூல் திட்டத்திலும் ஆரம்பத்தில் விண்டோஸ்தான். பிறகு படிப்படியாக க்னூ லினக்ஸுக்குப் போனாங்க. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வே அதில்தான் நடக்கும். ஆசிரியர்களில் இருந்தே பயிற்சியாளர்களை உருவாக்கினாங்க. பள்ளிக்கூடத்தில் ஏதாவது நின்றுபோனால் பக்கத்துப் பள்ளி வாத்தியாருக்கு அது தெரிந்திருக்கும். கம்பெனிக்காரர் வரணும்னு காத்திருக்க வேண்டாம். லேப்டாப்பில் ரெண்டு இயங்குதளத்தைப் போட்டு "எது வேணுமோ எடுத்துக்கோ" என்று விட்டதுக்கும், தேர்வையே அதில் வைத்ததுக்கும் உள்ள தூரம் ரொம்ப.

சென்னையில் ஆள் இல்லையா? நிறைய இருந்தாங்க. அடையாறு ஐஐடி வளாகத்தில் மாசா மாசம் சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடும். 1998-ல் ஆரம்பித்தது. காலேஜ் படிக்கும்போது நானும் சில தடவை போயிருக்கேன். இந்தியாவிலேயே கெட்டிக்கார லினக்ஸ் ஆட்கள் சிலர் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பாங்க. ஆனா, தென்காசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பிரிண்டர் வேலை செய்யலைன்னா, ஐஐடியில் சனிக்கிழமை நடக்கும் கூட்டம் அந்த வாத்தியாருக்கு என்ன உதவி?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் ம்யூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடித்தது. 2014-ல் மேயர் மாறினார். 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று தீர்மானம். அங்கே மேயர், இங்கே ஐ.ஏ.எஸ். அதிகாரி. உமாசங்கர் போனதும் எல்லாம் நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளைத் திறந்த மூல மென்பொருளுக்குப் போகச் சொன்னது. பாஸ் லினக்ஸைத்தான் மாற்றாகக் காட்டியது. 2015-ல் மத்திய அரசும் திறந்த மூலக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கு. காகிதம் வந்தபோது, 2007-ல் அதைக் கையால் செய்து பழகினவங்க எத்தனை பேர் அந்தந்த நாற்காலியில் இருந்திருப்பாங்க என்பதுதான் என் சந்தேகம்.

இந்தப் பக்கம் இவ்வளவு குறை சொன்னேன், அந்தப் பக்கமும் பார்க்கணும். அக்கா படித்த ஸ்டார் ஆபீஸுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 2010-ல் ஆரக்கிள் கம்பெனி சன்னை வாங்கியது. அடுத்த வருஷமே விலைக்கு விற்கும் அந்த ஆபீஸை நிறுத்திட்டாங்க. தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் அது இன்னும் சில வருஷம் ஓடியது. கடை மூடிய பிறகும் பசங்க அந்தக் கடைச் சாமானைப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆனா திறந்த பிள்ளை சாகவில்லை. ஆரக்கிளை நம்பாத புரோகிராமர்கள் 2010 செப்டம்பரில் மூல நிரலை எடுத்துக்கிட்டு வெளியே வந்து, லிப்ரே ஆபீஸ் என்று புதுப் பேர் வைத்தாங்க. எல்காட்டில் 2007-ல் ஓப்பன் ஆபீஸில் டைப் பண்ணின கடிதம் இன்னிக்கு லிப்ரே ஆபீஸில் திறக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆக, லைசென்ஸ் விலையை விட்டுட்டு ரெண்டு கேள்வி கேட்டாப் போதும் என்று எனக்குத் தோணுது. விற்றவன் கடையை மூடிட்டா என் ஃபைல் திறக்குமா? தெரிந்த ஆள் போயிட்டா வேலை ஓடுமா? முதல் கேள்விக்குத் திறந்த மூலத்திடம் நல்ல பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு அதனிடம் தானாக ஒரு பதிலும் கிடையாது. விண்டோஸுக்கு அது தெருவிலேயே கிடைக்கிறது, ரிச்சி தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

இதை நினைச்சுக்கிட்டே ஒரு சனிக்கிழமை மயிலாப்பூர் போனேன். என் எழுத்தில் முதல் ஓட்டை பத்தாவது நிமிஷத்தில் தெரிந்தது. கணக்குப் பிரிவில் டேலி. ஆடிட்டருக்கு டேலி டேட்டாதான் வேணும், அது விண்டோஸில்தான் ஒழுங்கா ஓடும். சரி, விண்டோஸ் 11-க்கு ஏறும் அந்த ஒரு கம்ப்யூட்டரைக் கணக்குக்கு ஒதுக்கிடலாம். காசு கட்டி வாங்கின மென்பொருள், அதன் வேலையை ஒழுங்கா செய்யுது, அதைப் பிடுங்குவானேன்?

ரெண்டாவது ஓட்டை பெரிசு. அங்கே இருபது வருஷமாக டைப் பண்ணுபவர் ஒரு அக்கா. 2003-ம் வருஷத்து உதவித்தொகைப் பட்டியலை என் லேப்டாப்பில் லிப்ரே ஆபீஸில் திறந்தேன். வேர்ட் ஃபைல், தடையில்லாமல் திறந்தது. கட்டங்கள், கோடுகள் எல்லாம் சரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் தலைமேல் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள். நான் மைக்ரோசாஃப்டைத் திட்ட வாயைத் திறந்தேன். அக்கா சொன்னாங்க, "இல்ல தம்பி, அது ஃபாண்ட்டு. உங்க மெஷின்ல அந்த ஃபாண்ட்டு இல்ல."

இந்தக் கதையில் நாங்க எஞ்சினியர்கள் எப்பவும் விட்டுவிடும் பகுதி இது. தொண்ணூறுகளில் தமிழ் மென்பொருள் விற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் எழுத்துக்களுக்கு வேறு வேறு எண். ஒருத்தர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருத்தர் 'ஙூ' வைத்திருப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதைச் சரிபண்ணத்தான் கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியாக்கங்களும் அதில் வந்தவை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இருந்தது. நம்ம அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் தமிழ்நாட்டு அலுவலகங்களில் டைப் ஆனதில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் எழுத்துருவுக்குள் உட்கார்ந்திருக்கும். மயிலாப்பூரில் பூட்டு போட்டது சியாட்டில் பக்கத்துக் கம்பெனி இல்லை. உள்ளூர்ப் பூட்டுதான். விண்டோஸிலேயே இருந்திருந்தாலும் புது மெஷினில் அந்த எழுத்துருவை ஏற்ற மறந்தால் அதே கதிதான்.

தமிழ் இணையக் கல்விக்கழகம், கோட்டூர்புரம் பக்கத்தில் இருப்பது, யூனிகோட் எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் கட்டணமில்லாமல் தருகிறது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் இணையத்தில் கிடைக்குது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அந்த 2003 பட்டியலை மாற்றினோம். நாற்பத்தொரு பெயர். மூணு இடத்தில் கொம்பு இடம் மாறி உட்கார்ந்தது, அக்கா ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுத் திருத்தினாங்க. ஒரு பெயரில் நின்று, "இந்தப் பையன் இப்ப நெய்வேலியில இருக்கான், போன வருஷம் நன்கொடை அனுப்பினான்" என்றாங்க. இந்த வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டோம். வாரம் ஒரு சனிக்கிழமை என்றால் எட்டு மாசம்.

ரெண்டு பக்கத்தைத் திருப்பி எழுதினேன். ஆறு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ். கணக்குக்கு விண்டோஸ், டேலி, அப்படியே. மிச்சமாகும் காசில் ஒன்பது பசங்களுக்கு இல்லை, ஏழு பசங்களுக்குத்தான் ஃபீஸ். மீதி ரெண்டு ஃபீஸுக்கான காசு பயிற்சிக்கும், வருஷத்துக்கு நாலு தடவை நேரில் வந்து பார்க்க ஒரு ஆளுக்கும். பூஜ்யம் என்று எழுதின இடத்தில் ஒரு தொகை வந்தது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி முழுசாப் படித்தார். பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "எல்லாம் சரி. நீங்க நாளைக்கு பெங்களூரோ அமெரிக்காவோ போயிடுவீங்க. அப்ப மெஷின் நின்னா யாரைக் கூப்பிடணும்? இங்க ரெண்டு பேர் எழுதுங்க."

முதல் பெயர் உடனே எழுதிட்டேன், லினக்ஸ் பயனர் குழுவில் பழக்கமான ஒருத்தர், மந்தைவெளியில் இருக்கார். ரெண்டாவது பெயருக்கு ரொம்ப நேரம் யோசிச்சேன். பக்கத்து மேஜையில் அக்கா 2004-ம் வருஷத்து ஃபைலைத் திறந்துக்கிட்டு இருந்தாங்க. "என் பேரை எழுதுங்க தம்பி. ஆனா அதுக்கு முன்னாடி பிரிண்டரை எப்படிச் சேர்க்கிறதுன்னு காட்டிட்டுப் போங்க" என்றாங்க.